கரைத்தீவு மேடையும் ஒலிக்கலவைப் பலகையும்: ஒரு வரலாற்று நோக்கு

ஆங்கில எழுத்தில் எழுதும்போது ஈழத்து ஊர்ப்பெயர்கள் சில தம்முள் மயங்கிவிடுகின்றன. காரைதீவு என்றதும் நம்மவர் நினைவுக்கு வருவது விபுலாநந்த அடிகளை ஈன்ற கீழ்க்கரைக் காரைதீவு. வடக்கே காரைநகரும் முன்னர் காரைதீவு என்றே வழங்கியது. இக்கட்டுரை கூற எடுத்துக்கொண்டது இவ்விரண்டும் அன்று. புத்தளத்திலிருந்து வடக்கு நோக்கி வண்ணாத்திவில்லுப் பக்கமாகச் செல்லும் பாதையில், களப்பின் கரையை ஒட்டிக் கிடக்கும் கரைத்தீவு அது. முதலெழுத்துக் குறிலாக ஒலிப்பதே தமிழில் அதனை ஏனையவற்றினின்று பிரித்துக் காட்டுகின்றது. அடிகளார் யாழின் நரம்புகளை அளந்து, 1947ஆம் ஆண்டில் 'யாழ் நூல்' அரங்கேற்றினார். இந்த மேற்குக் கரைத்தீவில் அத்தகைய பெருநூல் எதுவும் எழுந்ததாக நாம் அறியோம். ஆயினும் ஒலியின் அளவு குறித்த ஒரு வினா இவ்வூர்த் திடலொன்றில் ஒரு மாலைப்பொழுதில் எழுந்தது. அவ்வினாவே இக்கட்டுரைக்கு வித்து.

சில ஆண்டுகளுக்கு முன் அங்கு நடந்த கலைவிழா ஒன்றுக்குச் சென்றிருந்தேன். றபான் இசைத்துப் பாடும் ஒரு முதியவரும், அவருக்கு மறுமொழி பாடும் நால்வரும் மேடையேறினர். ஒலிபெருக்கி வாடகைக்குக் கொண்டுவந்திருந்த இளைஞர் மேடைக்குக் கீழே ஒரு சிறிய மேசையில் அமரவில்லை. கையில் பலகை போன்றதொரு கணினித் திரையை ஏந்தியவாறு கூட்டத்தினூடே நடந்துகொண்டிருந்தார். பழைய வால்வு ஆம்பிளிஃபயரைக் கண்டு பழகிய எமக்கு அதுவே வியப்பு. பாடல் தொடங்கியது. முதியவர் தாழ்ந்த சுரத்தில் ஒலிவாங்கியை அணுகியும், உச்சத்தில் பாடும்போது ஒரு முழம் பின்வாங்கியும் பாடினார். அவ்வாறு பாடியே அவர் வளர்ந்தவர். ஆனால் ஒலிபெருக்கியிலிருந்து வந்த குரலில் ஏற்றமுமில்லை, இறக்கமுமில்லை. ஒரே மட்டத்தில் நின்றது. மறுமொழி பாடிய நால்வரின் குரலோ எங்கோ தொலைவில் கேட்டது. நிகழ்ச்சி முடிந்தபின் முதியவர் அவ்விளைஞரிடம் சினமின்றிச் சொன்னார்: "மகன், நான் கிட்டப் போனாலும் ஒண்டுதான், தள்ளி நிண்டாலும் ஒண்டுதான். பிறகு நான் எதுக்கு?"

இவ்வினாவை ஒரு முதியவரின் மனக்குறை எனத் தள்ளிவிடுதல் எளிது. ஆயின் ஒலிப்பதிவின் நூற்றாண்டு கடந்த வரலாற்றில் திரும்பத் திரும்ப எழுந்த வினா இதுவே என்பது ஈண்டு நோக்கற்பாலது. பலர் சேர்ந்து பாடும்போதோ இசைக்கும்போதோ எக்குரல் முன்னிற்பது, எக்குரல் பின்னிற்பது என்பதைத் தீர்மானிப்பவர் யார்? ஒலிக்கலவைப் பலகை, அதாவது மிக்சர், இவ்வதிகாரத்தின் இருப்பிடம். பல ஒலிவாங்கிகளினின்று வரும் மின்னலைகளை ஏற்று, ஒவ்வொன்றின் அளவையும் நிறத்தையும் தனித்தனியே திருத்தி, அவற்றை ஒன்றாக்கி வெளிவிடுவது அதன் தொழில். ஒவ்வோராண்டும் பெருநகரங்களில் நடைபெறும் ஒலிக்கருவிக் கண்காட்சிகளில் புதிது புதிதாக இப்பலகைகள் வைக்கப்படுகின்றன. எத்தனை சானல், என்ன விலை என்பனவே அங்கு பெரிதும் பேசப்படும். அவ்வதிகாரம் பாடுவோனிடமிருந்து எவ்வாறு படிப்படியாகப் பெயர்ந்து பலகைக்கு வந்தது என்பதை ஆராய்வோர் அரியர்.

முதற்கண் மின்சாரம் இல்லாத காலத்தை எண்ணுவோம். புத்தளக் கரையோரம் இதற்கு வளமான சான்றுகளை உடையது. உடப்பு மீனவர் கரைவலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாடலில் ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க, கயிறு பற்றியோர் அனைவரும் ஏற்றுப் பாடுவர். முன்னவரின் குரல் தனிக்குரல். ஆயினும் பாட்டின் வலிமை அதனில் இல்லை, அதனைத் தாங்கும் கூட்டுக்குரலில் உள்ளது. கயிற்றின் இழுவையே தாளம். ஆதலால் மறுமொழிக்காரர் மெலிந்தால் வலையும் மெலியும். புத்தளத்துக்கு அண்மையில் உள்ள சிறாம்பியடியில் வாழும் ஆபிரிக்க வழித்தோன்றல்களான காபிரி சமூகத்தவர் பாடும் மஞ்சாப் பாடல்கள் மற்றொரு சான்று. போர்த்துக்கேயக் கிரியோல் மொழியில் அமைந்த அப்பாடல்கள் மெல்லத் தொடங்கி விரைவு மிகுந்து செல்வன. மேளத்தோடு தேங்காய்ச் சிரட்டையும், போத்தலும், கரண்டியும் அவர்களுக்கு வாத்தியங்கள். சிரட்டையின் ஓசை மேளத்தின் அடியில் அமிழ்ந்துவிடாதிருப்பது எவ்வாறு? அதனைத் தட்டுபவர் நிற்கும் இடத்தாலும், மேளக்காரர் தம் கையை அடக்குவதாலும்தான். ஒருவர் ஓசையை ஒருவர் கேட்டு, விட்டுக்கொடுத்து, எடுத்துக்கொண்டு அமைப்பதே அங்கு ஒலிக்கலவை. அதற்குத் தனியே ஒரு கலைஞர் வேண்டியிருக்கவில்லை.

மேடை நாடகத்திலும் இதுவே நிலை. எஸ். ஜி. கிட்டப்பாவும் கே. பி. சுந்தராம்பாளும் 1920களின் நடுப்பகுதியில் கொழும்பு மேடைகளில் இணைந்தபோது அவர்தம் குரலுக்குத் துணைநின்றது தொண்டையும் கொட்டகையின் கட்டமைப்புமேயன்றி வேறில்லை. கடைசி வரிசைக்கும் கேட்கும்படி பாடுவதே பாட்டு என்று கொள்ளப்பட்ட காலம் அது. மென்மையாகப் பாடுவதைக் குறைபாடாகவே கருதினர்.

ஒலிப்பதிவு வந்ததும் பாடுவோன் தன் உடலை ஓர் இயந்திரத்துக்கு ஏற்ப நிறுத்த வேண்டியதாயிற்று. 1902 நவம்பரில் கிராமபோன் கம்பனியின் ஃபிரெட் கெய்ஸ்பர்க் கல்கத்தாவில் கௌஹர் ஜானைப் பதிவு செய்தார். ஒரு பெரிய கூம்புக் குழாயின் வாயருகே நின்று பாட, அவ்வதிர்வு நேரே ஊசியை அசைத்து மெழுகில் வரி கீறியது. பாடல் முடிவில் அவர் தம் பெயரை ஆங்கிலத்தில் உரக்கக் கூறுவதை அத்தட்டுகளில் கேட்கலாம். தட்டு வார்க்கப்பட்ட ஹனோவர் நகரத்துத் தொழிலாளர் பாடியவர் யாரென அறியும் பொருட்டு என்பர். அக்காலத்தில் கலவை என்பது முழுக்க முழுக்கத் தூரத்தின் கணக்கு. மெல்லொலி வாத்தியம் கூம்புக்கு அருகில், வல்லொலி வாத்தியம் அப்பால். 1923இல் கிங் ஒலிவரின் குழுவைப் பதிவு செய்தபோது இளைஞர் லூயி ஆம்ஸ்ட்ராங்கின் கோர்னெட் ஏனையோரை விழுங்கிவிடாதிருக்க அவரை அறையின் கோடியில் நிறுத்தினர் என்பது ஜாஸ் வரலாற்றில் நன்கறியப்பட்ட செய்தி. வயலினின் ஒலி கூம்பை எட்டாமையால், அதன் மரப்பெட்டியை நீக்கி உலோகக் கூம்பு பூட்டிய 'ஸ்ட்ரோ வயலின்' எனும் விந்தைக் கருவியையும் செய்தனர். இசைஞர் இடம்பெயர்ந்தனர், வாத்தியங்கள் உருமாறின. எனினும் தூரத்தைக் கணித்து நின்றவர் பாடகரே.

1925இல் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் முறை வழியாக மின்சார ஒலிப்பதிவு நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டு டிசம்பர் 16ஆம் நாள் கொழும்பில் வானொலி முறைப்படி தொடங்கப்பட்டது. தந்தித் திணைக்களத்துப் பொறியியலாளர் எட்வர்ட் ஹாப்பர், கைப்பற்றப்பட்ட ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலொன்றின் கருவிப் பாகங்களைக் கொண்டு தம் முதற்பரிசோதனைகளை நடத்தினார் எனக் கூறப்படுகின்றது. இசைத்தட்டுகளை ஒலிபரப்பியே அவர் தொடங்கினார். ஒலிவாங்கி வந்தபின் பாடகரும் ஒலிவாங்கியும் மட்டுமல்லர், இருவருக்கும் நடுவே மூன்றாமவர் ஒருவரும் தோன்றினார். கண்ணாடிச் சுவருக்கு அப்பால் அமர்ந்து குமிழைத் திருகுபவர் அவர்.

இம்மூன்றாமவரின் அதிகாரத்தை முதன்முதலில் நன்குணர்ந்தவர்களுள் ஃபிலடெல்ஃபியா இசைக்குழுவின் நெறியாளர் லியோபோல்ட் ஸ்டொகோவ்ஸ்கி குறிப்பிடத்தக்கவர். 1929 முதல் வானொலியில் நிகழ்ச்சி நடத்திய அவர், தாம் மெல்ல இசைக்கச் செய்வதை ஒருவர் உயர்த்துவதையும், தாம் உச்சத்துக்குக் கொண்டுசெல்வதை அவரே தாழ்த்துவதையும் கண்டு வெகுண்டார். அவ்வாறாயின் நெறியாளர் குமிழ் திருகுபவரேயன்றித் தாமல்லர் என்பது அவர் வாதம். கட்டுப்பாட்டுப் பலகை தம் அருகிலேயே வேண்டும் என அவர் வற்புறுத்த, எவற்றோடும் இணைக்கப்படாத பொம்மைப் பலகையொன்றை வைத்து அவரைச் சமாதானப்படுத்தினர் என்று ஒரு கதையும் உண்டு. கதை எவ்வாறாயினும், அதன்பின் நடந்தது வரலாறு. 1933 ஏப்ரல் 27ஆம் நாள் பெல் ஆய்வகத்தார் ஃபிலடெல்ஃபியாவில் இசைக்கப்பட்டதை மூன்று ஒலிவாங்கிகளால் ஏற்று, தொலைபேசிக் கம்பி வழியே வாஷிங்டன் அரங்கொன்றில் மூன்று ஒலிபெருக்கிகளில் ஒலிக்கச் செய்தனர். அன்று ஃபிலடெல்ஃபியாவில் குழுவை நடத்தியவர் துணைநெறியாளர். ஸ்டொகோவ்ஸ்கி எங்கிருந்தார்? வாஷிங்டனில், குமிழ்களின் முன். உலகின் புகழ்பெற்ற நெறியாளர் ஒருவர் கோலை வேறொருவரிடம் கொடுத்துவிட்டுக் கலவைப் பலகையின் முன் அமர்ந்தார் என்றால், இசையின் அதிகாரம் எங்கே பெயர்ந்துவிட்டது என்பதை அவர் அறிந்திருந்தார் என்பதே பொருள். கரைத்தீவு முதியவர் கேட்டதும் இதனையே. வேறுபாடு யாதெனில், ஸ்டொகோவ்ஸ்கிக்குப் பலகையின் முன் ஓர் இருக்கை கிடைத்தது.

ஒலிக்கருவிக் கண்காட்சிகளின் வரலாறும் ஏறக்குறைய இக்காலத்ததே. 1935 ஆகஸ்டில் பெர்லின் வானொலிக் கண்காட்சியில் ஏ.ஈ.ஜி. நிறுவனத்தார் 'மாக்னெட்டோஃபோன்' என்னும் காந்த நாடாப் பதிவுக் கருவியை முதன்முதலாகப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்தனர். அக்கண்காட்சியில் தீப்பற்றியமையால் முதற்கருவிகள் எரிந்துபோயின. வேறு கருவிகளைக் கொணர்ந்து காட்டினர். போர் முடிந்தபின் அமெரிக்கப் படைவீரர் ஜாக் மல்லின் அக்கருவிகளைத் தம் நாட்டுக்குக் கொண்டு சென்று 1946இல் பொறியியலாளர்முன் இயக்கிக் காட்டினார். இரு ஆண்டுகளில் அம்பெக்ஸ் கருவி சந்தைக்கு வந்தது. ஒலிப்பொறியியற் சங்கம் 1948இல் நியூயோர்க்கில் தோன்றியதும், மறு ஆண்டே அதன் மாநாட்டோடு ஒலிக்கருவிக் கண்காட்சி ஒன்றும் நடந்ததும் இதன் தொடர்ச்சியே. அன்று முதல் இன்றுவரை, பொறியியலாளர் கட்டுரை வாசிப்பதும் வணிகர் கடை விரிப்பதும் ஒரே கூரையின்கீழ் நடைபெற்று வருகின்றன.

காந்த நாடா ஒரு புதுமையைச் செய்தது. ஒரே நாடாவில் பல தடங்களை அருகருகே பதியலாம். 1957இல் அம்பெக்ஸ் நிறுவனம் எட்டுத்தடப் பதிவுக் கருவி ஒன்றை இசைஞர் லெஸ் போலுக்குச் செய்து கொடுத்தது. இதனால் ஒருவர் பாடியதை இன்று பதிந்து, மற்றவர் இசைத்ததை நாளை சேர்த்து, எவ்வளவு சேர்ப்பது என்பதை மறுநாள் தீர்மானிக்க இயன்றது. பாடும் கணமும் கலக்கும் கணமும் பிரிந்தன. இப்பிரிவே கலவைப் பலகையைப் பெரியதோர் இயந்திரமாக வளர்த்தது. இங்கிலாந்தில் ரூபர்ட் நீவ் 1964 அளவில் டிரான்சிஸ்டரால் இயங்கும் பலகைகளைச் செய்தார். கொலின் சாண்டர்ஸ் 1969இல் தொடங்கிய சொலிட் ஸ்டேட் லொஜிக் நிறுவனம், ஒரு பாடலுக்கு வைத்த குமிழ்நிலைகள் அனைத்தையும் கணினியில் நினைவிருத்தும் வசதியைத் தன் 4000 வரிசைப் பலகைகளில் அளித்தது. தீர்மானத்தைச் சேமித்து வைக்கலாம் என்ற எண்ணம் அங்கு பிறந்தது. அதன் விளைவை நாம் பின்னர்க் காண்போம்.

தமிழுலகம் இவற்றையெல்லாம் சற்றுப் பிந்தியே பெற்றது. 1931இல் 'காளிதாஸ்' வெளிவந்தபோது தமிழ்ப் பேசும்படம் பிறந்தது. நடிகரே பாடி, அப்போதே பதிவாகும் முறை நீங்கி, பின்னணி பாடும் முறை 1938இல் 'நந்தகுமார்' படத்திலிருந்து தமிழில் தலைகாட்டியது என்பர். ஆயினும் அதன்பின்னும் நெடுங்காலம் சென்னைக் கலையகங்களில் பாடகரும் வாத்தியக் குழுவினரும் ஒரே நேரத்தில், ஒரே கூடத்தில் இசைத்தனர். ஒருவர் பிழைத்தால் அனைவரும் மீண்டும் தொடங்க வேண்டும். ஏ. ஆர். ரஹ்மான் 1989இல் தம் வீட்டருகே பஞ்சதன் கூடத்தை அமைத்து, 1992இல் 'ரோஜா' வெளிவந்த பின்னரே தடந்தடமாகச் சேர்த்துப் பாடலை உருவாக்கும் முறை நம்மிடையே பேராற்றலுடன் வேரூன்றியது எனலாம். அவர் பாடல்கள் பலவற்றைக் கலவை செய்த எச். ஸ்ரீதரின் பெயரைத் தட்டின் உறையில் தேடிப் படித்த இளைஞர் தலைமுறையொன்று அப்போது தோன்றியது. கலவையாளர் பெயர் கேட்போருக்குத் தெரிந்திருந்தது தமிழில் அதுவே முதன்முறை என்று தோன்றுகின்றது.

இப்பாடல்கள் கரைத்தீவு போன்ற ஊர்களை எட்டியது பெரும்பாலும் இலங்கை வானொலி வாயிலாக. 1949இல் ரேடியோ சிலோன் எனப் பெயர்பெற்று, 1967இல் கூட்டுத்தாபனமாக மாறிய அந்நிலையத்தின் வர்த்தக சேவையில் எஸ். பி. மயில்வாகனம் முதலானோர் குரல் தமிழகத்தின் தென்கோடிவரை கேட்டது. அகில இந்திய வானொலி 1952இல் திரைப்பாடல்களை ஒதுக்கியபோது கொழும்பு அவற்றை அணைத்துக்கொண்டது யாவரும் அறிந்ததே. நம் நோக்கில் முக்கியமானது வேறொன்று. திரைப்பாடல்களில் தனிக்குரல் எப்போதும் முன்னே, ஏனைய யாவும் பின்னே. மக்களின் காதுகள் நாற்பது ஐம்பது ஆண்டுகள் இவ்வொழுங்கையே கேட்டுப் பழகின. ஒலிபெருக்கி வாடகைக்காரரும் அதே காதுடையவர்தாமே! அவர் கைக்குக் கலவைப் பலகை வந்தபோது தனிக்குரலை முன்னே தள்ளினார், மறுமொழியைப் பின்னே தள்ளினார். அது பிழையென எவரும் அவருக்குச் சொல்லவில்லை. தலைவரும் கூட்டமும் சமமாய் நிற்கும் பாட்டு வடிவம் ஒன்று உண்டென்பதும் வானொலியில் அரிதாகவே கேட்டது.

திறந்தவெளி ஒலிபெருக்கியின் வரலாறு தனியே விரிக்கத்தக்கது. ஈண்டுச் சுருக்கமாகக் கூறுவோம். 1915இல் கலிஃபோர்னியாவில் ஜென்சன், பிரிதாம் என்னும் இருவர் ஆக்கிய ஒலிபெருக்கி, 1919 செப்டம்பரில் சான் டியேகோ நகரில் குடியரசுத் தலைவர் வில்சனின் குரலை 50,000 பேருக்குக் கேட்கச் செய்தது. இந்தியாவில் மோத்வானே குடும்பத்தாரின் சிகாகோ ரேடியோ நிறுவனம் 1930களில் காங்கிரஸ் மாநாடுகளுக்கு ஒலிபெருக்கி அமைத்தது. 1940இல் தோன்றிய அகுஜா நிறுவனத்தின் கூம்பு ஒலிபெருக்கியோ தென்னாசியக் கிராமங்களில் கோயிலுக்கும் பள்ளிவாசலுக்கும் மாதா கோயிலுக்கும் வேறுபாடின்றிப் பொதுவாயிற்று. ஒலி மிகுந்தமையால் வழக்கும் வந்தது. வெலிகமைப் பள்ளிவாசல் ஒன்றின் ஒலிபெருக்கி அனுமதி தொடர்பான வழக்கில் நம் உயர் நீதிமன்றம் 2007 நவம்பரில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்குப் பொதுவாகத் தடைவிதித்தமை நினைவிருக்கலாம். ஒலி எவ்வளவு என்பதை நீதிமன்றம் ஆராயலாம். அதனுள் யார் குரல் எவ்வளவு என்பதை எந்த நீதிமன்றமும் ஆராய்ந்ததில்லை.

பழைய கிராமத்து ஆம்பிளிஃபயரில் இரண்டு அல்லது மூன்று ஒலிவாங்கிகளையே பூட்டலாம். ஆதலால் ஐவர் பாடினாலும் ஓர் ஒலிவாங்கிதான். அதனைச் சூழ்ந்து நிற்பதில் பாடகர் தம் பழைய தூரக்கணக்கை மீண்டும் பயன்படுத்தினர். இவ்வகையில் அவ்வெளிய கருவி, கௌஹர் ஜான் காலத்துக் கூம்பைப் போன்று, அதிகாரத்தைப் பாடுவோனிடமே விட்டிருந்தது. அதன் குறைபாடே அதன் கொடையாக இருந்தது என்று சொன்னால் மிகையாகாது.

இந்நிலையை மாற்றியது எண்முறைக் கலவைப் பலகை. யமஹா நிறுவனம் 1987இல் ஒரு சிறிய எண்முறைப் பலகையையும், 1995இல் 02ஆர் என்பதையும், அதன்பின் பெரிய அரங்குகளுக்கான பலகைகளையும் வெளியிட்டது. அவை செல்வந்தர் கருவிகள். 2012 ஜனவரியில் அமெரிக்காவின் நாம் கண்காட்சியில் பெரிங்கர் நிறுவனம் எக்ஸ்32 என்னும் பலகையை அறிமுகப்படுத்தியபோதுதான் நிலைமை தலைகீழாயிற்று. ஏறக்குறைய இரண்டாண்டுகளுக்கு முன் அதே குழுமம் விலைக்கு வாங்கியிருந்த மைடாஸ் என்னும் புகழ்பெற்ற ஆங்கில நிறுவனத்தின் வடிவமைப்பில் அமைந்த 32 ஒலிவாங்கி உள்ளீடுகள், தாமே நகரும் 25 பிடிகள், ஒவ்வொரு சானலுக்கும் ஒலியமுக்கி, நிலைகளைச் சேமிக்கும் நினைவகம், கணினியோடு இணைத்து 32 தடங்களையும் தனித்தனியே பதியும் வசதி. இத்தனையும் முன்னர் இவற்றுக்குச் செலுத்த வேண்டியிருந்த விலையின் ஒரு சிறு பகுதிக்கு. பிற நிறுவனங்களும் பின்தொடர்ந்தன. மும்பையில் 2001 முதல் நடைபெற்றுவரும் பாம் கண்காட்சியில் இத்தகைய பலகைகளைத் தென்னாசிய வாடகைக்காரர்கள் தொட்டுப் பார்த்து வாங்கலாயினர். அங்கிருந்தும் சீனத்துத் தொழிற்சாலைகளிலிருந்தும் கொழும்புப் புறக்கோட்டைக் கடைகள் வழியாகப் புத்தளத்துக்கு வருவது பெருந்தொலைவன்று.

இப்போது முதியவரின் வினாவுக்குத் திரும்புவோம். அவர் குரலை மட்டப்படுத்தியது ஒலியமுக்கி, அதாவது கம்ப்ரெசர். குரல் ஓர் எல்லையைக் கடந்தால் தானாகவே தாழ்த்தி, மொத்தத்தை மீண்டும் உயர்த்திவிடும் இக்கருவி பாட்டுக்காகப் பிறந்ததன்று. 1930களில் வானொலி நிலையங்களின் ஒலிபரப்பிகள் திடீர் ஓசையால் அளவு மீறாதிருக்கும் பொருட்டு ஆக்கப்பட்டது. பின்னர் ஒலிப்பதிவுக் கூடங்களில் அது பாடகரின் குரலுக்கு உறுதி தரும் அணிகலனாயிற்று. ஒலிவாங்கியை வாயோடு ஒட்டிப் பிடித்து, தூரத்தை மாற்றாமற் பாடும் மேடைப் பாடகர்க்கு அது நன்மையே. ஆயின் தூரத்தாலேயே தன் குரலுக்கு உருவம் கொடுக்கும் ஒருவர் முன் அதனை வைத்தால் என்ன நேரும்? அவர் பின்வாங்கிக் குறைத்ததைக் கருவி கூட்டும். அணுகிக் கூட்டியதைக் குறைக்கும். ஒரே பாட்டில் இரு கலவையாளர். பாடகர் செய்வதைப் பலகை அழிக்கின்றது. இங்கே ஒருவரையும் குறைகூறுவதற்கில்லை. அவ்விளைஞர் வேண்டுமென்று அதனைச் செய்யவில்லை. பலகையுடன் வந்த ஆயத்த நிலைகளுள் 'ஆண் குரல்' என்பதை அவர் தேர்ந்தெடுத்திருந்தார். முன்னர்ச் சொன்ன, சேமித்து வைக்கப்பட்ட தீர்மானம் என்பது இதுதான். எங்கோ ஒரு நாட்டில், ஏதோவொரு பாடகரை எண்ணி, எவரோ செய்த தீர்மானம் கரைத்தீவுத் திடலில் செயற்பட்டது.

இதனைக் கலைவிழா ஒன்றின் சிறு இடையூறாக மட்டும் கொள்ள இயலாமைக்குக் காரணம் உண்டு. அன்று பாடியவர் இவ்வூரிற் பிறந்தவரல்லர். 1990 அக்டோபரில் வட மாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களுள் பெரும்பாலோர் புத்தள மாவட்டத்தில் தஞ்சம் புகுந்தனர். அவர்களோடு பாட்டும் வந்தது. மூத்த தலைமுறை மறையும்தோறும் அப்பாட்டின் மெட்டும், சொல்லும், மறுமொழி எழும் இடமும் மறைகின்றன. இன்று கைபேசியிலும் ஒலிபெருக்கி வழியாகவும் பதியப்படுவன நாளை வரலாற்று மாணவருக்குச் சாசனங்களாக நிற்கும். அச்சாசனத்தில் மறுமொழிக்காரர் குரல் கேட்காவிடில், அப்பாட்டு ஒருவர் பாட்டு என்றே எழுதப்படும். எழுதுபவர் மீது பிழையிராது. அவருக்குக் கிடைத்த சான்று அவ்வாறு இருக்கும்.

தமிழ் கற்போருக்கு இந்நிலை புதிதன்று. சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இல் கலித்தொகையை அச்சிட்டபோதும், உ. வே. சாமிநாதையர் அதே ஆண்டு சீவக சிந்தாமணியையும் 1894இல் புறநானூற்றையும் பதிப்பித்தபோதும் அவர்கள் முன் பல ஏடுகள் இருந்தன. எப்பாடத்தை மூலமாகக் கொள்வது என்பது பதிப்பாசிரியரின் தீர்மானம். ஆயினும் ஐயர் கொள்ளாது விட்ட பாடங்களைப் பாடபேதமாக அடிக்குறிப்பில் தந்தார். அதனால் நூறாண்டு கழிந்த பின்னும் நாம் அவரோடு மாறுபட முடிகின்றது. கலவை செய்து முடிந்த ஒலிப்பதிவோ பாடபேதம் நீக்கிய பதிப்பைப் போன்றது. நம் வானொலிகள் பல்லாண்டுகளாக நாட்டார் பாடல்களை ஒரே தடத்தில் பதிந்தன. அக்காலத்துக்கு அதுவே இயன்றது. அவற்றின் மதிப்பும் பெரிது. ஆனால் அத்தடத்தில் தாழ்ந்துபோன குரலை இனி முழுமையாக மீட்பது அரிது.

ஈண்டுப் புதிய பலகையின் மறுபக்கத்தைக் கூறாது விடுதல் நேர்மையாகாது. எக்கருவி முதியவரின் குரலை மட்டப்படுத்தியதோ, அக்கருவியே ஒவ்வொருவர் குரலையும் தனித்தடத்தில், எவ்வித அமுக்கமும் திருத்தமும் சேருமுன், அப்படியே பதியவும் வல்லது. ஒலிபெருக்கியில் எது கேட்கின்றது என்பதும் நாடாவில் எது தங்குகின்றது என்பதும் முதன்முறையாக இரு வேறு தீர்மானங்களாயின. (நாடா என்று பழக்கத்தால் எழுதிவிட்டேன், இப்போது நாடா எங்கே இருக்கின்றது!) இவ்வசதியை நம் வாடகைக்காரர் பலர் பயன்படுத்துவதில்லை, பயன்படுத்தும்படி அவரைக் கேட்பாரும் இல்லை. கேட்க வேண்டியவர்கள் பல்கலைக்கழகத்துத் தமிழ், வரலாறு, நுண்கலைத் துறைகளைச் சேர்ந்த நாம். களஆய்வுக்குச் செல்லும் மாணவர் பதிவுக் கருவியொன்றை மேடை விளிம்பில் வைத்துவிட்டு வந்துவிடுகின்றனர். அது பதிவது பாட்டையன்று, ஒலிபெருக்கியையே.

அவ்விழாவின் இரண்டாம் நாள் மாலை மீண்டும் அதே குழுவினர் பாடினர். பகலில் அவ்விளைஞருடன் அமர்ந்து பேசியதன் பயனாக அவர் முதியவரின் சானலில் ஒலியமுக்கியை நீக்கினார். மறுமொழிக்காரர் நால்வருக்கும் இரண்டு ஒலிவாங்கிகளை வைத்து, அவற்றைத் தனிக்குரலுக்குச் சமமாக உயர்த்தினார். முதியவர் மேடையில் ஒருமுறை முன்னும் பின்னும் நடந்து பார்த்துக்கொண்டார். கூட்டத்தில் சிலர் குரல் சரியாகக் கேட்கவில்லை என்று பின்னிருந்து கூவினர். அவர்கள் காது பழகிய ஒழுங்கு அதுவன்று. இளைஞரின் விரல் திரையை நோக்கிச் சென்று, தயங்கி, மீண்டது. ஐந்து தடங்களை அவர் ஒரு சிறிய கணினியில் பதிந்தும் தந்தார்: தனிக்குரல் ஒன்று, மறுமொழி இரண்டு, றபான் இரண்டு. முதற்றடத்தைத் தனியே கேட்டால், முதியவர் ஒலிவாங்கியை விட்டு நீங்கும் ஒவ்வோரிடத்திலும் களப்புக் காற்று புகுந்து, அவர் அணுகும்போது அடங்குகின்றது. அவற்றை இன்னும் எவரும் கலவை செய்யவில்லை.